இதயக்கண்ணாரும் கம்பி நிழலும்

காலை ஏழு மணிக்கே வரிசை தியேட்டர் வாசலைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி, பல் டாக்டர் வீட்டுச் சுவர் வரைக்கும் நீண்டுவிட்டது. படம் ஓடி ஆறு வருடமான தியேட்டர் அது. இருக்கைகளின் பஞ்சை எலி தின்றுவிட்டது. விளம்பரப் பலகையைக் காற்று தின்றுவிட்டது. அப்படிப்பட்ட தியேட்டர் இப்போது ஞாயிறுதோறும் நிரம்பி வழிகிறது. காரணம், உள்ளே புதுப் படம் காட்டுகிறார்கள். அதில் கதாநாயகன் நீங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் நெஞ்சுக்குள் ஓடும் இரத்தக் குழாய்.

அந்தக் குழாயைத் தொடாமல், துளைக்காமல், சட்டைகூடக் கழற்றாமல் படமெடுத்துக் காட்டுகிறவர் இதயக்கண்ணார். அடைப்பு தெரிந்தால் நீல ஒளி பாய்ச்சி உருக்கியும் விடுவார். ஞாயிறுக்கு இரண்டு வீதம், மொத்தம் இருபத்தொரு அமர்வு. "உருகின கொழுப்பு எங்க ஐயா போகும்?" என்று ஒருவர் கேட்டாராம். "ஒளியாகி வெளியேறிடும்" என்றாராம் இவர். கேட்டவர் கண்ணில் நீர் வழிந்ததாம்.

இதயக்கண்ணார் யார்? பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குகையில் தனிமையில் இருந்து இந்தக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று துண்டறிக்கை சொல்கிறது. குகையில் மின்சாரம் இருந்ததா என்று துண்டறிக்கை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அங்கே கூடியிருந்தவர்கள் என்ன முட்டாள்களா? படித்தவர்கள். பாதிப் பேர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

கருவி, முடி உலர்த்துகிற கருவிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். தூக்கினால் கை வலிக்கும் கனம். ஓடும்போது 'உம்ம்ம்' என்று சத்தம் போடும். அதை இடது மார்புக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, "மூச்சை நல்லா இழுங்க" என்பார். விளக்குகள் அணையும். பழைய சினிமாத் திரை ஒளிரும். அதே திரையில்தான் முன்பு ஒரே ஆள் ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்க விட்டான். அப்போதும் இதே கூட்டம்தான் கைதட்டியது.

அன்று மேடையில் ஒரு தையல்காரர். திரையில் செம்பொன் நிறத்தில் ஒரு பெரிய வட்டம் வந்தது. மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற வளையங்கள் போல வளையம் வளையமாக இருந்தது. நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் மங்கலான தடித்த திட்டு. இன்னொரு பக்கம், அந்த வட்டத்திலிருந்து யாரோ ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனது போலக் கறுப்பு.

"இந்தத் திட்டு கொழுப்பு. எந்த நிமிஷமும் வெடிக்கும்" என்றார் இதயக்கண்ணார்.

"ஐயோ! அப்ப அந்தக் கறுப்பு?"

இதயக்கண்ணார் கண்ணை மூடிக்கொண்டார். "அது உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுற ஒருத்தரோட பார்வை. நிழலா விழுந்து கெடக்கு. வெளியாள் இல்ல. நெருங்கின சொந்தம்."

தையல்காரர் திரும்பி, முதல் வரிசையில் இருந்த தன் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

அங்கே படமெடுத்த அத்தனை பேருக்கும் அந்தக் கறுப்பு இருந்தது. அத்தனை பேருக்கும் பொறாமை பிடித்த ஒரு சொந்தமும் இருந்தது. கணக்குச் சரியாக இருந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. படத்தை அச்செடுத்து, லேமினேஷன் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். தன் சொந்தக் கொழுப்பைச் சுவரில் மாட்டிப் பார்க்கும் பாக்கியம் முன்னோர் யாருக்குக் கிடைத்தது?

அப்படி மாட்டியிருந்த வீடுகளில் ஒன்று பஸ் ஓட்டுநருடையது. கல்யாணப் போட்டோவுக்கு இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. முன்னதில் திட்டு இருந்தது. பின்னதில் இல்லை. இருபத்தொரு அமர்வும் முடித்த புண்ணியவான்.

இவர் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். ஒரு நடைக்கு நாற்பத்தெட்டுப் பேர். நான்கு மாதத்துக்கு முன் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகியது. மனைவி, அவளைப் பெரியவள் என்று வைத்துக்கொள்வோம், உடனே தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை சின்னவள், பெரிய மருத்துவமனையின் ஆஞ்சியோ அறையில் டெக்னீஷியன். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. முழங்கால் போய்விட்டது, ஆனால் கண் கூர்மை.

அங்கே ஓட்டுநரின் மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியொன்றை இதயத்துக் குழாய் வரை விட்டார்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு நுண்குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்து ஒளியைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி உள்ளிருந்தே படமெடுத்தார்கள். பிறகு டாக்டர் சொன்னது இது:

"அடைப்பு பெருசில்ல, நாப்பது சதவீதம்தான். ஆனா கொழுப்பு மேல இருக்கற மூடி தலைமுடியைவிட மெல்லிசா இருக்கு. அது கிழிஞ்சா ரத்தம் உறைஞ்சு குழாய் அடைச்சுக்கும். கிழியலாம், கிழியாமலும் போகலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. மாத்திரையை விடாம சாப்பிட்டா மூடி தடிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் பஸ் வேண்டாம்."

நேர்மையான பேச்சு. அதுதான் வினையாகப் போயிற்று. நம் ஆட்களுக்கு 'இருக்கலாம்' என்ற சொல் தொண்டைக்குள் இறங்காது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். சுவரில் இரண்டு படங்கள். மேசையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அத்தான் மாத்திரை சாப்பிடறதில்லையா?"

"எதுக்கு? அதான் உருகிடுச்சே" என்றாள் பெரியவள். "பத்தொம்பது நாளாச்சு நிறுத்தி. ஆள் எப்படித் தெம்பா இருக்காரு பாரு. திங்கக்கிழமை டூட்டிக்குப் போறாரு. முதலாளி சரின்னுட்டாரு."

"யார் சர்டிபிகேட் குடுத்தது?"

"இதயக்கண்ணார்தான். சீல் வெச்சு."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, 'பின்' என்ற படத்தைக் கழற்றினாள். மூக்கருகே வைத்துப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது.

"அத்தான், இந்தக் கறுப்பு என்னன்னு சொன்னாரு?"

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பெரியப்பா மகன். நான் வீட்டுக்கு மாடி எடுத்ததுலேருந்து அவன் மூஞ்சியே சரியில்லை. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

"முன் படத்துல மேல இருக்கு. பின் படத்துல கீழ இருக்கே?"

"எடம் மாத்திக்கிட்டான். கள்ளப்பய."

"அத்தான், இது பெரியப்பா மகன் இல்ல. கம்பி. நாங்க குழாய்க்குள்ள ஒரு கம்பி விடுவோம் இல்ல? உள்ளேருந்து ஒளி அடிக்கறப்ப, ஒளி அந்தக் கம்பியைத் தாண்டிப் போகாது. அதுக்குப் பின்னாடி கறுப்பா நிழல் விழும். டார்ச் முன்னாடி விரலை நீட்டினா சுவத்துல விழுதே, அதே மாதிரி. நான் தினமும் நாலு தடவ பாக்கறேன். யாருக்கு எடுத்தாலும் இருக்கும்."

"சரி. அதுக்கென்ன இப்ப?"

"உங்க உடம்புக்குள்ள அவரு கம்பி விட்டாரா?"

"சட்டையக்கூடத் தொடலை. அதானேம்மா அதிசயம்!"

"கம்பியே விடாத படத்துல கம்பியோட நிழல் எப்படி விழுந்தது?"

ஓட்டுநர் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒன்று யோசிக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. நல்ல நேரம். அந்த நேரம் பார்த்துப் பெரியவள் காப்பாற்றிவிட்டாள்.

"அந்த ஒளிக்குள்ளயே கம்பி இருக்கும்டீ. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்? உங்க டாக்டர் என்ன சொன்னாரு? கிழியலாம், கிழியாமலும் போகலாம். இதச் சொல்ல எதுக்கு டாக்டர்? நானே சொல்வேனே! இவரு அப்படியா? போயிடுச்சுன்னாரு. முடிஞ்சுது. மனுஷன் நிம்மதியா தூங்கறாரு."

சின்னவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. அத்தானின் நெஞ்சுப் படத்தை அன்று எடுத்தவளே அவள்தான். அந்த மெல்லிய மூடியைத் திரையில் அளந்து எண்ணைச் சொன்னதும் அவள்தான். அந்த மூடி கிழிந்தால் என்ன ஆகும் என்பதை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறாள். அது ஸ்டியரிங்குக்குப் பின்னால், மேம்பாலத்தின் மேல், நாற்பத்தெட்டுப் பேரோடு நடந்தால்?

கெஞ்சிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். ஓட்டுநர் அசையவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரி அத்தான். ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன். அவரு நெஞ்சைப் பார்த்து உங்க ஆளு சரியா சொல்லிட்டா, இனிமே நான் வாயத் திறக்க மாட்டேன். தப்பா சொன்னா, அங்கயே அப்பவே நீங்க மாத்திரை போடணும். பஸ் பக்கமே போகக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். நீ வாயத் திறக்காம இருக்கறதப் பார்க்க எனக்கும் ஆசைதான்" என்றார் ஓட்டுநர்.

அவள் கூட்டி வருவதாகச் சொன்ன ஆள், மருத்துவமனை வாட்ச்மேன். ஐம்பது வயது, பெரிய மீசை, நல்ல ஆரோக்கியம். மூன்று வருடத்துக்கு முன் ஊழியர்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. வாட்ச்மேனின் மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்ததும், இடது வலது குறி மாற்றி வைத்துவிட்டார்கள் என்று எக்ஸ்ரேக்காரரை எல்லோரும் திட்டினார்கள். பாவம், மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் அப்படியேதான் வந்தது. பிறகுதான் ஒருவர் காதை வைத்துக் கேட்டார். வாட்ச்மேனுக்கு இதயம் வலது பக்கம். பிறவியிலேயே அப்படி. ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கு அப்படி அமையும். வலியும் இல்லை, தொந்தரவும் இல்லை.

சின்னவள் விஷயத்தைச் சொன்னதும் வாட்ச்மேன் மீசையைத் தடவிக்கொண்டார். "வெளிய யாருக்கும் சொன்னதில்லம்மா. பொண்டாட்டி மட்டும் திட்டும்போது சொல்வா, உனக்கு எல்லாமே கோணல்னு. இத்தனை வருஷத்துல இதால ஒரு பிரயோசனமும் இல்ல. ஒரு உசுர காப்பாத்த உதவும்னா, வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. தியேட்டர் வாசலில் இதயக்கண்ணாரின் தொண்டர்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன நோய், எந்த மருத்துவமனை, என்ன மாத்திரை, பழைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது, எல்லாம் எழுத வேண்டும். எலும்பையும் தசையையும் ஊடுருவிப் பார்க்கிற கண்ணுக்கு எதற்குப் படிவம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். வந்தவர்கள் கேட்கவில்லை. பேனா இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

வாட்ச்மேன் 'நெஞ்சு வலி. ரிப்போர்ட் இல்லை' என்று மட்டும் எழுதினார்.

அவர் முறை வந்தது. மேடையேறி உட்கார்ந்தார். இதயக்கண்ணார் படிவத்தை ஒரு பார்வை பார்த்தார். கருவியை எடுத்தார். இடது மார்புக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். உம்ம்ம். திரையில் செம்பொன் வட்டம் வந்தது. திட்டும் இருந்தது, கறுப்பும் இருந்தது.

"இடது பக்கம் ரெண்டு அடைப்பு. மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு. கீழ இருக்கறது தொண்ணூறு நாளைக்குள்ள வெடிக்கும். நல்ல வேளை வந்தீங்க."

கூட்டம் 'உச்' கொட்டியது.

"ஐயோ, நான் குடும்பஸ்தன் ஐயா" என்றார் வாட்ச்மேன். அவர் நாடகத்தில் சேர்ந்திருந்தால் வேறு மாதிரி வாழ்ந்திருப்பார்.

மூன்றாம் வரிசையிலிருந்து சின்னவள் எழுந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம்."

ஒரு தொண்டர் ஓடி வந்தார். "சந்தேகத்துக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வாங்க. இன்னிக்கு நம்பிக்கை நாள்."

"இருக்கட்டும், கேக்கட்டும்" என்று இதயக்கண்ணார் கையைத் தூக்கினார். அரங்கம் நிறைந்திருந்தது. பெருந்தன்மை காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"கருவி இவரோட இதயத்தைத்தானே பார்த்தது?"

"இதயத்தையும் பார்த்தது, அதுக்குள்ள ஓடற குழாயையும் பார்த்தது."

"நீங்க கருவி வெச்ச எடத்துலதான் அவரு இதயம் இருக்கா? இடது பக்கத்துல?"

"இடது பக்கம் இல்லாம முதுகுலயா இருக்கும்?" கூட்டம் சிரித்தது.

"நல்லா தெரிஞ்சுதா ஐயா? நூத்துக்கு நூறா?"

"நூத்துக்கு நூறு. என்கிட்ட 'இருக்கலாம்' கிடையாதும்மா."

கைதட்டல் கூரையைத் தொட்டது. பெரியவள்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள்.

கைதட்டல் அடங்கியதும் சின்னவள் திரும்பினாள். "அத்தான், நீங்க மேல போங்க. அவரு நெஞ்சுல காதை வெச்சுக் கேளுங்க. வேற எதுவும் நான் சொல்லல."

ஓட்டுநர் போனார். இந்த மனிதருக்கு ஒரு பெருமை உண்டு. முப்பது வருடமாக, எஞ்சின் எந்தப் பக்கம் தட்டுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மெக்கானிக்குகளே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தக் காதை வாட்ச்மேனின் இடது மார்பில் வைத்தார். புருவம் சுருங்கியது. கையை வைத்துப் பார்த்தார். மறுபடி காதை வைத்தார்.

"என்ன அத்தான்?"

"சத்தம் எங்கயோ தூரத்துல கேக்குது."

காது மெல்ல நகர்ந்தது. நெஞ்சுக்குழியைத் தாண்டியது. வலது பக்கம் போனது. ஓட்டுநர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அட! எஞ்சின் இந்தப் பக்கம்தானய்யா ஓடுது! தடதடன்னு ஓடுது!"

தையல்காரர் எழுந்தோடி வந்து காதை வைத்தார். அவர் மனைவி வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க" என்று வாட்ச்மேன் தன் தொழில் குரலில் ஒழுங்குபடுத்தினார். "பொறந்ததுலேருந்தே எனக்கு வலது பக்கம்தான். மூணு எக்ஸ்ரே இருக்கு."

"அப்ப இடது பக்கம் பார்த்த ரெண்டு அடைப்பு?" என்று யாரோ கேட்டார்.

இதயக்கண்ணாரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. கைகள் இரண்டையும் விரித்தார்.

"பார்த்தீங்களா என் ஒளியோட சக்தியை! வரும்போது இடது பக்கம்தான் இருந்தது. ஒளி பட்டதும் பாதுகாப்பான பக்கத்துக்கு இதயமே நகர்ந்துடுச்சு!"

நான் பொய் சொல்லவில்லை. ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

"அப்படியா? இந்த ஒளி பட்டவங்க இங்க எழுபது பேராவது இருப்பீங்க" என்றாள் சின்னவள். "எல்லாரும் நெஞ்சுல கை வெச்சுப் பாருங்க. யாருக்காவது நகர்ந்திருக்கா?"

தியேட்டர் முழுக்க கைகள் நெஞ்சுக்குப் போயின. இடது பக்கம் தொட்டார்கள். வலது பக்கம் தொட்டார்கள். சிலர் பக்கத்து இருக்கைக்காரரையும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பழைய இடத்திலேயே இருந்தது. கைதட்டிய ஏழெட்டுப் பேர் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் திரையையே முறைத்துக்கொண்டிருந்த தையல்காரர் மனைவி கத்தினாள். "இது எங்க வீட்டுப் படமாச்சே! மூணு மாசமா தினமும் துடைக்கறேன், எனக்குத் தெரியாதா? அந்தத் திட்டு ஓரத்துல வாத்து மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க!"

ஒவ்வொரு அமர்வுக்கும் படத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. பைகள் திறந்தன. லேமினேஷன் படங்கள் பளபளவென்று வெளியே வந்தன. நாற்காலிகள் மேல் பரப்பி ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

"ஏங்க, என் அடைப்பு உங்ககிட்ட எப்படி வந்தது?"

"உங்களோடதா? நான் போன வருஷமே வாங்கினேன். என்னோடதுதான் உங்ககிட்ட இருக்கு!"

ஒரு கணவன் மனைவிக்கு ஒரே படம். "இருபது வருஷத்துல நமக்குள்ள ஒத்துப்போனது இது ஒண்ணுதான்" என்றார் கணவர். எண்ணிப் பார்த்ததில், எழுபது பேருக்கும் சேர்த்து மொத்தம் பதினோரு படம்.

சின்னவள் மேடையேறினாள். இந்தத் தடவை எந்தத் தொண்டரும் தடுக்கவில்லை. அந்தக் கறுப்பு என்ன என்று விளக்கினாள். யாரோ முன்பின் தெரியாத நோயாளிகளின் உடம்புக்குள் கம்பி விட்டு எடுத்த படங்கள் அவை, கம்பியின் நிழல் அது என்று சொன்னாள். தையல்காரர், பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த தன் மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசமா உன்கிட்ட பேசலியேடா. ஒரு கம்பிக்காக!"

இந்தக் களேபரத்தில் இதயக்கண்ணார் மெல்லப் பின்பக்கம் நழுவினார். பின்கதவில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். "வெளிய போறவங்க பேரு, விலாசம் எழுதணும்" என்றார். பழக்க தோஷம். போலீஸ் வரும் வரைக்கும் எழுத வைத்துக்கொண்டிருந்தார்.

குகை வாசம் பற்றிப் போலீஸ் விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். ஸ்கேன் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில், டாக்டர்களுக்கு மாதிரிப் படம் போட்டுக் காட்டும் வேலை பார்த்தவர். வேலையை விட்டு அனுப்பியபோது படம் காட்டும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். படங்களைக் கொடுக்க மறந்துவிட்டார். அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மறந்துவிட்டார். கருவியை ஒரு டிவி மெக்கானிக் பிரித்தார். உள்ளே ஒரு நீல பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, கனத்துக்கு ஒரு செங்கல் துண்டு.

அன்று அந்தக் களேபரத்திலும் மேடையில் ஓட்டுநர் நின்ற இடத்திலேயே நின்றார். சின்னவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் ஒன்றைப் பிதுக்கி எடுத்தார். அவசரத்தில் அது கீழே விழுந்தது. இன்னொன்றைப் பிதுக்கினார். பெரியவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

விழுங்கிவிட்டு, "நாளைக்குக் காலையில நாப்பத்தெட்டுப் பேரை ஏத்தியிருப்பேன்" என்றார். மறுபடி அதையே சொன்னார். பிறகு எலி தின்ற நாற்காலியொன்றில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "என்னாலதான், நான்தான் இழுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நம் மக்களை அவ்வளவு லேசாக எடைபோட்டுவிடாதீர்கள்.

பத்து நாள் கழித்து ஓட்டுநர் டாக்டரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார். வாசலில் ஒரு வரிசை. நீளம் மருந்துக் கடை வரை இருந்தது. உள்ளே போகிற வரிசை என்று நினைத்தார். இல்லை. வரிசையின் தலையில் வாட்ச்மேனின் நாற்காலி. தையல்காரர் மனைவி அவர் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"உங்களுக்கு மட்டும் வலது பக்கம் வெச்சிருக்குன்னா சும்மாவா? அந்த ஆளையே புடிச்சுக் குடுத்தது உங்க நெஞ்சுதானே? ஒரே ஒரு தடவ என் தலையில கை வைங்க. எனக்குப் படபடப்பு இருக்கு."

"அம்மா, நான் கேட்டைத் திறந்து மூடறவன்" என்று வாட்ச்மேன் கதறிக்கொண்டிருந்தார். "படபடப்புன்னா உள்ள போங்க. ஓ.பி. சீட்டு வாங்குங்க. எனக்கே போன வாரம் சளிக்கு டாக்டர்தான் மருந்து குடுத்தாரு!"

"பெரியவங்க அப்படித்தான் தன்னை மறைச்சுக்குவாங்க" என்றது வரிசை.

ஓட்டுநருக்கு முகம் சிவந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி நிதானமாக மூச்சு விட்டார். பிறகு நாற்காலி பக்கத்தில் போய் நின்றார்.

"நானும் உங்களோட அந்தத் தியேட்டர்ல நின்னவன்தான். அதனால திட்டற யோக்கியதை எனக்கு இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பஸ்ல ஏறும்போது டிரைவர் குடிச்சிருக்கானான்னு மோந்து பாக்கறீங்க. கத்திரிக்கா வாங்கினா புழு இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க. செருப்பு வாங்கினாக்கூட நாலடி நடந்து பாத்துட்டுத்தான் வாங்கறீங்க. உசுரக் கொண்டுபோய் ஒருத்தன் கையில குடுக்கறப்ப மட்டும் எதுக்கய்யா கண்ணை மூடிக்கறீங்க?"

வரிசை கொஞ்சம் நெளிந்தது. பாதிப் பேர் காலணியைப் பார்த்துக்கொண்டே சீட்டு வாங்கும் ஜன்னல் பக்கம் போனார்கள். தையல்காரர் மனைவியும் போனாள். மீதிப் பாதி நகரவில்லை. வாட்ச்மேனுக்கு டூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று அடுத்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தது.

இதை வாசிக்கிற நீங்கள் எந்தப் பாதியில் நிற்கிறீர்கள்? குனிந்து, உங்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அதற்கு ஸ்கேன் தேவையில்லை.